பள்ளிப் பேருந்துக்காகச் சபையில் விழுந்தேன்

1

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்குக் கொட்டாவி வரும். மணவறையில் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் விட்ட கொட்டாவி வீடியோவில் பத்திரமாக இருக்கிறது. வருடா வருடம் கல்யாண நாளன்று கோமளா அதை டிவியில் போட்டு, அந்த இடம் வந்ததும் நிறுத்திவைப்பாள். "இன்னா அலட்சியம் பாரு ஆளுக்கு" என்பாள். அது அலட்சியம் இல்லை, குலைநடுக்கம் என்று நானும் வருடா வருடம் சொல்லி வருகிறேன். திருப்பாலைவனத்து நெல்வயல்காரர் மகள் அவள். லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் மகன் நான் சொல்வதை அவ்வளவு சுலபத்தில் நம்பிவிட மாட்டாள்.

இந்த வருடமும் அந்தக் கொட்டாவி டிவியில் வாய் பிளந்து நின்றிருந்தபோதுதான் எங்கள் வட்டாரக் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் மகள் தேன்மொழிக்கு அடுத்த பருவத்திலிருந்து பள்ளிப் பேருந்து கிடையாதாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போக ஒரு பாதை இருக்கிறதாம். அதன் நீளம் சட்டம் சொல்லும் தூரத்துக்குள் அடங்குகிறதாம். ஆகவே இலவசப் பேருந்து தரக் கடமை இல்லையாம். மறுப்பு இருந்தால் மேல்முறையீடு செய்யலாமாம்.

எங்கள் வாசம் கிழக்கு இங்கிலாந்தில், ஒரு கழிமுகத்தை ஒட்டிய சிற்றூரில். பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு இத்தனை கடல் தாண்டி வந்தவனை மறுபடி சேறும் உப்புத் தண்ணீரும் நாரையும் உள்ள இடத்திலேயே குடிவைத்தது விதி. குப்பத்தில் படகு ஏறினாலே வாந்தி எடுத்த ஒரே மீன்காரப் பிள்ளை நான். அந்தத் தகுதியில்தான் என்னைப் பொன்னேரிக்குப் படிக்க அனுப்பினார்கள். படித்து, இங்கே வந்து, உறைந்த மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் மேற்பார்வையாளன் ஆனேன். மீன் என்னை விடுவதாக இல்லை.

கவுன்சில் சொன்ன பாதையை எனக்குத் தெரியும். கழிமுகத்துச் சேற்றின் நடுவே மேடாகப் போட்ட மண்பாதை. வரைபடத்தில் அழகான பச்சைப் புள்ளிகளாக இருக்கும். புள்ளிகள் நனையாது. பாதை நனையும். கடல்நீர் ஏறி வரும் ஓத வேளையில் அந்தப் பாதையின் நடுப்பகுதி தண்ணீருக்கு அடியில் போய்விடும். சுற்றிக்கொண்டு சாலை வழியாகப் போனால், நடக்கிற தூரமே இல்லை.

நான் விடியும் முன்னே வேலைக்குப் போகிறவன். கோமளா முதியோர் இல்லத்தில் இரவு நேர நர்ஸ். அவள் வீடு திரும்பும்போது பள்ளியில் முதல் வகுப்பு முடிந்திருக்கும். பேருந்து இல்லையென்றால் தேன்மொழி இப்போதைய பள்ளியை விட்டு, ஊர்ப் பேருந்து போகும் வேறொரு பள்ளிக்கு மாற வேண்டும். அதுவும் பொதுத்தேர்வு வருடத்தில், தோழிகளையும், அவள் உயிராக நினைக்கும் வேதியியல் ஆசிரியையையும் விட்டுவிட்டு. அவள் மின்னஞ்சலைப் படித்தாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமே இல்லாமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொட்டாவி வந்திருக்காது.

2

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கு தோற்றிருந்தது. தேன்மொழி பள்ளிப் படகுக் குழுவில் சேர வேண்டும் என்று கேட்டிருந்தாள். கழிமுகத்தில் சனிக்கிழமைதோறும் துடுப்புப் போடுவார்கள். நான் முடியாது என்றேன். "ஏன், டாட்?" என்றாள். "முடியாதுன்னா முடியாது" என்றேன். தலைமுறை தலைமுறையாகக் கடலில் போன வம்சத்தில் பிறந்தவன், மகளைக் கழிமுகத்துச் சேற்றுத் தண்ணீரில் இறங்க விடாத காரணத்தை எந்த மொழியில் சொல்வது?

பத்து வயதுவரை நான் அவளுக்கு அப்பா. பிறகு டாட். கோபம் வந்தால் அதுவும் இல்லை. தமிழ் அவளிடம் இருக்கிறது, ஆனால் பண்டிகைப் பட்டுப்பாவாடை மாதிரி மடித்து உள்ளே இருக்கிறது. ஏதாவது வேண்டும் என்றாலோ, என்னைக் கிண்டல் செய்ய வேண்டும் என்றாலோதான் வெளியே எடுப்பாள்.

ஆக, பேருந்து வழக்கிலாவது மகள் முன்னால் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்று முதல்கட்ட மேல்முறையீட்டை அன்றிரவே எழுதி அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை. எங்கள் குப்பத்துச் சபையில் எப்படிப் பேச ஆரம்பிப்பார்களோ, அதே முறையில் எழுதினேன். விபத்து அங்கேதான் நடந்தது.

குப்பத்துச் சபையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் யார் பேச வந்தாலும், நியாயம் அவர் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். விழுந்து, "சபைக்கு முன்ன தப்பு இருந்தா மன்னிக்கணும்" என்று சொல்ல வேண்டும். தலைவர் "எழுந்திரிப்பா" என்பார். எழுந்திரு என்றால், கேட்கத் தயார், பேசு என்று பொருள். விழாமல் நின்றபடி பேச ஆரம்பித்தவன் எவ்வளவு பெரிய நியாயஸ்தனாக இருந்தாலும் பாதி தோற்றவன். விழுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே எதிராளியைக் கிழி கிழி என்று கிழிக்கலாம். ஒரு தடையும் இல்லை.

நான் எழுதிய கடிதத்தின் முதல் வரி இது: "எங்கள் பக்கம் தவறு இருக்குமானால் முதலில் அதை ஏற்று, தங்கள் மன்னிப்பைக் கோருகிறேன்." அடுத்த வரியிலிருந்து பாதை, ஓதம், மகள், கோமளாவின் இரவுப்பணி எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன்.

பதில் வந்தது. "மேல்முறையீட்டாளர் தம் பக்கத்துத் தவறைத் தாமே ஏற்றுக்கொண்டிருப்பதால், முந்தைய முடிவை மாற்ற முகாந்திரம் இல்லை."

தேன்மொழி அதைப் படித்துவிட்டு என் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். 

"டாட், நீங்க ஸாரி சொல்லியிருக்கீங்க."

"அது ஸாரி இல்லம்மா. விழுறது."

"எங்க விழுறது?"

"சபையில."

"இது ஈமெயில், டாட்."



3

அண்ணன் தேசப்பனுக்குப் போன் போட்டேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். உலகத்தில் எந்த விஷயத்துக்கும் அவனிடம் யோசனை உண்டு, பெரும்பாலும் தப்பான யோசனை. படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, கவுர்மெண்டு மேலயே கேஸா?"

"கேஸு இல்லண்ணா. அப்பீலு. பாப்பா ஸ்கூல் பஸ்ஸுக்கு."

"பஸ்ஸுக்கா? ஆரம்பாக்கத்துல ரோட்ட மறிச்சு நாலு பேரு குந்திக்கினா மறுநா பஸ்ஸு வருது. அத்த விட்டுட்டு எழுதிக்கினு கீற."

"இங்க ரோட்டுல குந்துனா நியூசென்ஸ் கேஸுண்ணா."

"இன்னா ஊருடா அது. மொத கடுதாசில இன்னா எழுதன?"

சொன்னேன்.  அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடித்துப் பக்கத்தில் இருந்த நைனாவிடம் போனைக் கொடுத்தான். எங்கள் அப்பாவுக்குக் காது மந்தம். அதனால் உலகமே செவிடு என்று நினைத்துப் பேசுவார்.

"விழுந்தியாடா?"

"எழுத்துல விழுந்தேன் நைனா."

"எழுந்திரின்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப இன்னும் பட்த்துக்கினுதான் கீற," என்றார். சட்ட நிலைமையை அதைவிடச் சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

போனை வாங்கிய அண்ணன் பழைய கதையைக் கிளறினான். "நம்ம வம்சத்துக்கு அப்பீலு ஆவாதுடா. நைனா பாடு கேஸு ஞாபகம் கீதா?"

இல்லாமல் என்ன. ஏரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சில உண்டு. அங்கே இன்று யார் வலை போடுவது என்பதற்கு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். எங்கள் குடும்பத்துப் பாடு வந்த நாளில் நைனா ஜுரத்தில் கிடந்தார். அண்ணன் சின்னப்பையன், நான் வாந்திக்காரன். பாடு வீணாயிற்று. அடுத்த நாள் முறைப்படி வேறு குடும்பம் வலை போட்டு அள்ளிக்கொண்டு போனது. நைனா மாற்று நாள் கேட்டார். எங்கள் குப்பத்துச் சபை முடியாது என்றது. பல குப்பத்துப் பெரியவர்கள் கூடும் மேல்சபைக்கு நைனா போனார்.

அங்கே விழுந்து எழுந்து அவர் சொன்னது நாலே வரி. "அவுங்க மேல தப்பு இல்ல. மொறப்படி அது அவுங்க நாளு. நானா இருந்தாலும் அப்டிதான் வலை போட்டிருப்பேன். ஜுரம் மொற பாத்து வர்றதில்லன்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

சபை யோசித்தது. எதிர்க்குடும்பத்துக்காரரே தலையாட்டினார். கடைசியில் தோற்றோம். ஜுரத்துக்குப் பாடு மாற்ற ஆரம்பித்தால் குப்பத்தில் எல்லாருக்கும் ஜுரம் வரும் என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

"நம்ம குடும்பத்துக்கே ஒரு கேஸு, அதுவும் அவுட்டு," என்றான் அண்ணன். "நீ பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டுப் போ."

"தண்ணிக்கு அடியில சைக்கிள் ஓடாதுண்ணா."

4

முதல்கட்டம் தோற்றால் இரண்டாம் கட்டம் உண்டு. மூன்று பேர் கொண்ட குழுவின் முன் நேரில் போய்ப் பேசலாம். வக்கீல் தேவையில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலை ஹன்னா என்று ஒரு வக்கீல், என்னைப் போன்ற சாமானியர்களுக்கு மேல்முறையீடு எழுதவும் பேசவும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வந்தார். என் வயதில் பாதிதான் இருக்கும். வகுப்பில் என்னோடு, பூங்கா வேலியைப் பற்றிச் சண்டை போடும் ஒரு தாத்தாவும், வாகன நிறுத்தக் கட்டணத்தை எதிர்க்கும் ஒரு தபால்காரரும் இருந்தார்கள். இதற்காகச் சனிக்கிழமை வேலையில் விடுப்புக் கேட்டபோது "வழக்கு விஷயம்" என்று சொல்லிவிட்டேன். மேலாளர் என் தோளைத் தொட்டு, "எக்கா, என்ன செய்துவிட்டாய்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஏகாம்பரம் என்ற பெயர் இங்கே எக்கா ஆகிவிட்டது.

இரண்டாம் கட்டத்துக்கு நான் எழுதிக்கொண்டு போன வாதம் பதினொரு பக்கம். அதில் நிலவு எப்படிக் கடலை இழுக்கிறது என்பதில் ஆரம்பித்து, வாடைக்காற்று, சேற்றின் குணம், நாரைகள் வரை எல்லாம் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஓதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழவேற்காட்டு ஓதம் முழங்காலைத் தாண்டாது, இங்கே அது ஆளையே விழுங்கும். எல்லாவற்றையும் இணையத்தில் படித்து, கடலோரத்தில் பிறந்தவன் என்ற தோரணையில் எழுதியிருந்தேன்.

ஹன்னா பொறுமையாகப் புரட்டினார். "எக்கா, இதில் பேருந்து எந்தப் பக்கத்தில் வரும்?"

"ஒன்பதாம் பக்கத்தில்."

"அதற்குள் உங்கள் மகள் நடந்தே பள்ளிக்குப் போயிருப்பாள்."

தபால்காரர் சிரித்தார். அவருடைய வாதம் அதற்கு முந்தின வாரம் கிழிபட்டிருந்தது. எனவே அவருக்கு அந்த உரிமை இருந்தது.

ஹன்னா சொன்ன பாடங்களை எனக்குப் புரிந்த மொழியில் தருகிறேன். முதல் பத்தியைப் படித்துவிட்டு நடுவர் தூங்கிப்போனாலும் உனக்குச் சாதகமாகத் தூங்க வேண்டும். மேல்முறையீடு என்பது உன் சோகத்தை மறுபடி சொல்வது இல்லை, முந்தின முடிவில் எங்கே ஓட்டை என்று விரலை வைப்பது. 'மிகவும்', 'முற்றிலும்', 'கொடூரமான' மாதிரிச் சொற்கள் பயந்தவன் போடும் சத்தம், அடித்துவிடு. எதிராளியின் நல்ல வாதத்தை அவனைவிட நன்றாக நீயே சொல்லிவிடு. நடுவர் கேள்வி கேட்டால் ஆம், இல்லை இரண்டில் ஒன்றை முதலில் சொல், மற்றதெல்லாம் பிறகு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது 'மேலும்' என்று ஒரு வார்த்தை வாயில் வரும். அது வந்தவுடன் உட்கார்ந்துவிடு.

இந்தக் கடைசிப் பாடம்தான் கடினம். எங்கள் குடும்பத்தில் 'மேலும்' இல்லாமல் யாரும் சாப்பிடக்கூட எழுந்ததில்லை.

பிறகு முதல் கடிதத்தின் மன்னிப்பு வரியைப் பற்றிச் சொன்னேன், விழுவதைப் பற்றியும். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் ஊர்க்காரர்கள் மோசமில்லை," என்றார். "கேட்பவர்கள் காது திறந்த பிறகுதான் பேச வேண்டும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை எழுதாதீர்கள், அவ்வளவுதான். எழுதினால் அது கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்."

5

பதினொரு பக்கம் ஏழானது, நாலானது. அடுத்த வாரம் அதற்கும் கீழே வர மறுத்தது. சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோமளா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இன்னும் நாரைய விடலியா?"

"நாரை ரெண்டு வரிதான்."

"நாரைக்கு பஸ்ஸு வேணாங்க. அதுக்கு ரெக்கை கீது." சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாரையை அடித்தேன்.

தண்ணீர் குடிக்க வந்த தேன்மொழி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். கேட்காமலே சிவப்புப் பேனாவை எடுத்தாள். பள்ளியில் ஆசிரியைகள் அவள் கட்டுரையில் போடுவதுபோலவே வட்டம் போட்டாள், கோடு இழுத்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் எனக்கு எட்டாத ஒரு அலட்சியம் உண்டு. நான் மூச்சைப் பிடித்து ஏறுகிற படியை அவள் தாண்டிக் குதித்துப் போவாள். பெருமையாகவும் இருக்கும், மேலே அவள் போய்விட்ட பிறகு நான் கீழேயே நின்றிருப்பதும் தெரியும்.

"இவங்க தூரத்தை அளந்தாங்க, இல்லையா?"

"ஆமா."

"எப்போ அளந்தாங்க?"

"அது சொல்லல. மேப்புல அளந்திருப்பாங்க."

"அப்போ பாதை அங்க இருக்கான்னு யாரும் கேக்கவே இல்ல." பேனாவை மேஜையில் வைத்தாள். "தண்ணிக்கு அடியில இருக்கற பாதைக்கு நீளம் உண்டா, டாட்?"

நான் நாலு வாரமாகத் தேடிய ஓட்டை அதுதான். பழைய பக்கங்களை அப்படியே ஓரமாகத் தள்ளினேன். இருவரும் சேர்ந்து புதிதாக எழுதினோம். "நிர்வாகம் பாதையின் நீளத்தை அளந்தது. பாதை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பிள்ளை நடக்கும் வேளையில் இல்லாத பாதை, சட்டம் சொல்லும் பாதை ஆகாது." ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. துறைமுகம் வெளியிடும் ஓத அட்டவணையை இணைத்தோம். கூடவே தேன்மொழி எடுத்த புகைப்படம் ஒன்று. நடுத்தண்ணீரில் 'நடைபாதை' என்ற பலகை கழுத்தளவு மூழ்கி நிற்கிறது, அதன் தலையில் ஒரு நீர்க்காகம் இறக்கையை உலர்த்திக்கொண்டிருக்கிறது.

"விசாரணைக்கு யாரு உங்களோட வருவா?" என்றாள். துணைக்கு ஒருவர் வரலாம்.

"அம்மாவுக்கு டூட்டி."

"நான் வரேன். ஆனா நீங்க தரையில விழக் கூடாது. ப்ராமிஸ்?"

6

கூட்ட அறையில் நீளமான மேஜை, சாம்பல் நிறக் கார்ப்பெட். நடுவில் தலைவி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, பள்ளித் தலைமையாசிரியையின் பார்வை. இருபுறமும் ஒவ்வொருவர். கவுன்சில் சார்பில் ஸ்டூவர்ட் என்பவர் வந்திருந்தார். ஜலதோஷம் பிடித்த சாதுவான மனிதர். இவரை எதிராளியாக நினைத்துத் தூக்கம் கெட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் என் முழங்கால் இரண்டும் தாமாகவே மடங்க ஆரம்பித்தன. மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். என் உடம்புக்கு அது சபை. தேன்மொழி என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். நாற்காலியில் உட்கார வைத்தாள்.

முதலில் ஸ்டூவர்ட் பேசினார். வரைபடம், தூரம், விதி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் தும்மிவிட்டு, என் முதல் கடிதத்தின் முதல் வரியைப் படித்தார். மேல்முறையீட்டாளரே தவறை ஏற்று மன்னிப்புக் கோரியிருக்கிறார்.

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஒப்புக்கொண்ட அந்தத் தவறு எது?"

வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது. மணவறையில் விட்டதைவிடப் பெரிய கொட்டாவி. தாடை சத்தம் போட்டது. தலைவியின் புருவம் ஏறியது. மேஜைக்கு அடியில் மகள் என் தொடையைக் கிள்ளினாள்.

"ஒரு தவறும் இல்லை, மேடம்," என்றேன். "அது எங்கள் ஊர் வணக்கம். வாக்குமூலம் இல்லை. எங்கள் சபையில் எல்லாரும் முதலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள், வழக்கைத் தொடுத்தவரும்கூட."

தலைவி ஏதோ எழுதிக்கொண்டார். இடதுபுறத்தவர் ஸ்டூவர்ட்டைப் பார்த்தார். ஸ்டூவர்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் எங்கள் முதல் பத்தியைச் சொன்னேன், படிக்காமல். நீளத்தை அளந்தார்கள், இருப்பைப் பார்க்கவில்லை. புகைப்படம் கை மாறியது. நீர்க்காகத்தைப் பார்த்து வலதுபுறத்தவர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆனால் தலைவி விடவில்லை.

"பெரும்பாலான நாட்களில், பள்ளி நேரத்தில் இந்தப் பாதை காய்ந்துதானே இருக்கிறது?"

இதுதான் ஸ்டூவர்ட்டின் முழு வழக்கும். இல்லை என்று சுற்றி வளைக்க என்னிடம் வழி இருந்தது. நிலவு, வாடைக்காற்று, பதினொரு பக்கம். எல்லாம் தொண்டைவரை வந்தன.

"ஆமாம்," என்றேன்.

 தேன்மொழியின் கை என் தொடையிலேயே நின்றது, கிள்ளவில்லை.

"பெரும்பாலான நாட்களில் காய்ந்திருக்கும். நல்ல பாதை. நானே நடந்திருக்கிறேன். கவுன்சில் அதை அளந்ததில் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் வரைபடத்தைத்தான் எடுத்திருப்பேன். ஓதம் பள்ளி மணியைப் பார்த்து வருவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. என் வாயிலிருந்து வந்தது நைனாவின் பாடு வழக்கு. தோற்றுப்போன வழக்கின் வாதத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கிறேன். 

"அப்படியென்றால் பாதை மூழ்கும் நாட்களுக்கு மட்டும் பேருந்து கேட்கிறீர்களா?"

"இல்லை, மேடம். பெரும்பாலான நாட்களில் மட்டும் மூழ்காமல் இருக்கும் படகை எங்கள் ஊரில் படகு என்று சொல்வதில்லை."

தலைவி சிரித்தே விட்டார். ஸ்டூவர்ட்டும் சிரித்தார், பாவம், தும்மலோடு. என் நெஞ்சு விரிந்தது. எல்லாம் என் கையில் இருப்பதுபோல இருந்தது. எழுந்து நின்று வாயைத் திறந்தேன். "மேலும்..."

தேன்மொழியின் பள்ளி ஷூ என் கால்விரல்களின் மேல் முழு எடையோடு இறங்கியது. உட்கார்ந்தேன்.

7

முடிவு மின்னஞ்சலில் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. பாதையின் நீளத்தை அளக்கும் முன் பாதை இருக்கிறதா என ஆராயத் தவறியதே காரணம். பள்ளி முடியும்வரை பேருந்து உண்டு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஜெயிச்சியா? மெய்யாலுமா? நம்ம வம்சத்துக்கே ஆவாதேடா இது," என்று கவலைப்பட்டான். பின்னால் நைனாவின் குரல் குப்பம் முழுக்கக் கேட்கும்படி வந்தது. "எழுந்திரின்னு சொல்லிட்டாங்களாமா?" சொல்லிவிட்டார்கள் என்றேன். நைனாவின் நாலு வரிதான் ஜெயித்தது என்றும் சொன்னேன். "அதுக்கு இப்ப இறாலு குடுப்பாங்களான்னு கேளு," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, நான் சோபாவில் வெற்றிவீரனாகச் சாய்ந்திருந்தேன். தேன்மொழி பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். பையை வைத்தாள். அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். எங்கள் எதிரே நின்றாள். பிறகு, பள்ளிச் சீருடையோடு, கார்ப்பெட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

எங்கள் சபையில் பெண்கள் விழுந்து நான் பார்த்ததில்லை. அவர்களைப் பேச விட்டதும் இல்லை.

"சபைக்கு முன்ன தப்பு இருந்தா மன்னிக்கணும், நைனா," என்றாள். அந்த உச்சரிப்பைக் கேட்டால் எங்கள் தலைவர் எழுந்து போயிருப்பார். ஆனால் நைனா என்றாள்.

படுத்தபடியே கையை மட்டும் நீட்டி ஒரு தாளைக் கொடுத்தாள். ஒரே பக்கம், ஆங்கிலத்தில். படகுக் குழு வழக்கில் மேல்முறையீடு. முதல் பத்தி இப்படி இருந்தது: "அப்பாவின் பயம் நியாயமானது. தண்ணீர் ஆபத்தானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அவராக இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் அவர் தீர்ப்புச் சொன்னார், காரணம் சொல்லவில்லை." இரண்டாம் பத்தியில் பயிற்சியாளர், மிதவைச் சட்டை, மீட்புப் படகு. மூன்றாவது ஒரே வரி: "பயப்படுபவர் கரையில் நின்று பார்க்கத் தடை இல்லை." நாலாம் பத்தியே இல்லை.

ஓட்டை தேடினேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். எனக்குக் கொட்டாவி வந்தது.

"எழுந்திரிக்கச் சொல்லுங்க," என்றாள் கோமளா. "எம்மா நேரம் பொண்ணு மூக்கக் கார்ப்பெட்டுல அழுத்திக்கினு கெடப்பா."

எழுந்திரு என்றால் என்ன பொருள் என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். அவள் பேச ஆரம்பித்தால் நான் தோற்பேன். பேசாமலே தோற்றுவிட்டதும் தெரியும்.

"எழுந்திரும்மா," என்றேன்.

எழுந்தாள். மூக்கில் கார்ப்பெட்டின் வரி பதிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் கழிமுகத்துக் கரையில் நிற்கிறேன். தூரத்தில் நீளமான படகில் ஒரு கறுத்த தலை முன்னும் பின்னும் அசைகிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட மற்றப் பெற்றோர் கையில் காபியோடு என் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் கொட்டாவி விடுகிறேன், விட்டுக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் அவர்களில் ஒருவர் பரிவோடு என்னிடம் வந்து, இவ்வளவு சலிப்பாக இருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாமே, அவளை நான் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன், கண்ணைப் படகிலிருந்து எடுக்காமல்.